டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்: விதிப் பதிப்புகள், ஓர் ஒப்பீடு

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான மேசை விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இதன் ஆசிரியர்கள். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்னும் வகையில் கடைக்கு வந்த முதல் ஆட்டம் இதுவே. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை உலகத்தில் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பேசுகிறார்கள். ஒருவர் மட்டும் அந்த உலகத்தையும் அதிலுள்ள பூதங்கள், அரசர்கள், கடைக்காரர்கள் அனைவரையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிறார். முடிவு உறுதியில்லாத செயல் எதுவானாலும் பகடை உருட்டப்படும். பகடைகளில் 20 முகம் கொண்டது முதன்மையானது.

ஆட்டத்தை நடத்துபவரை மூல நூல்கள் டஞ்சன் மாஸ்டர் என்கின்றன. தமிழில் நடத்துநர் என்றால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் மேசையில் “டிக்கெட் எடுத்தாச்சா” என்ற கேலி ஓய்ந்ததே இல்லை. வேறு நல்ல சொல் கிடைக்காததால் இங்கும் நடத்துநர் என்றே எழுதுகிறேன்.

50 ஆண்டுகளில் இதன் விதிகள் பலமுறை திருத்தி எழுதப்பட்டுள்ளன. எது சிறந்த பதிப்பு என்ற பேச்சு பெரும்பாலும் எந்தக் கணக்கு எளிது, எந்த மந்திரவாதி பலசாலி என்பதோடு முடிந்துவிடுகிறது. கணக்கு மாறியது உண்மைதான். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறியது மேசையில் கடைசிச் சொல் யாருடையது என்பதே. நூலுடையதா, நடத்துநருடையதா, ஆட்டக்காரருடையதா? ஆங்கில நூலைச் சரளமாகப் படிக்க இயலாதவர்கள் அமரும் மேசையில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம்.

ஓசூர் மேசை

நான் இவ்விதிகளைப் படித்ததும் ஆடியதும் ஓசூரில். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமை காலை. இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்தவர் ஒருவர், மதியப் பணிக்குப் போகவேண்டியவர் ஒருவர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் மென்பொருள்காரர் இருவர். ஆட்டத்திற்குக் கிடைப்பது 3 மணி நேரம். பேச்சு தமிழில் தொடங்கும், தெலுங்கில் சண்டை போடும், கன்னடத்தில் சமாதானமாகும். நூல் மட்டும் ஆங்கிலம்.

இந்த எல்லைப்பகுதிக்கு விதிபேதம் புதிதன்று. 3 புலி, 15 ஆடு கொண்ட ஆடுபுலி ஆட்டத்தைத் தெலுங்குக்காரர் புலி ஜூதம் என்பார், கன்னடத்துக்காரர் ஆடு ஹுலி ஆட்டம் என்பார். ஆடுகள் எல்லாம் இறங்கி முடியும் முன்னரே புலி வெட்டலாமா என்பதில் வீட்டுக்கு வீடு பேதம் உண்டு. உட்காரும்போதே “எங்க வீட்டு ஆட்டமா, உங்க வீட்டு ஆட்டமா?” என்று கேட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். அந்த விதிக்கு ஆசிரியர் இல்லை, பதிப்பும் இல்லை. ஆடுகிற இருவரும் அதை முழுமையாகத் தலையில் வைத்திருப்பார்கள். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸில் அந்தச் சமநிலை தொடக்கத்திலேயே கிடையாது. நூலை வாங்கியவர் ஒருவர், கேட்டு ஆடுபவர்கள் மற்றவர்கள்.

ஒரே காட்சி, பல பதிப்புகள்

பதிப்புகளை ஒப்பிட ஒரு சிறு காட்சி போதும். கொள்ளைக்காரன் ஒருவன் பணப்பையோடு ஓடுகிறான். ஆட்டக்காரர் சொல்கிறார்: “நான் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறேன்.” அடுத்து என்ன நடக்கும்?

1979இல் வந்த நடத்துநர் கையேட்டில் (அட்வான்ஸ்டு வரிசையின் மூன்றாம் நூல்) வெறுங்கைச் சண்டைக்கென்று தனிப் பகுதி உண்டு. குத்து, பிடி, சாய்ப்பு என மூன்று முறைகள், மூன்றுக்கும் சதவீதக் கணக்கு, அதன்மேல் கவசத்துக்கும் வலிமைக்கும் சேர்ப்புக் கழிப்புகள். இந்த ஆட்டத்தை விரும்புவோரிலும் இப்பகுதியை முழுதாகப் பயன்படுத்தியவர் அரிது. கொள்ளைக்காரன் கெலமங்கலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கு முடியும்.

1981இல் டாம் மோல்ட்வே திருத்திய அடிப்படை நூல் 64 பக்கம். கட்டிப்பிடிப்பதற்கு அதில் தனி விதியே இல்லை. ஆனால் எழுதப்படாத செயல்களுக்கு நடத்துநருக்கு ஒரு யோசனை தருகிறது: பொருத்தமான திறன் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ 20 முகப் பகடையில் விழச் சொல்லலாம், கடினத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். வலிமை 13 உள்ளவனுக்கு 13 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் போதும், 65 சதவீத வாய்ப்பு. இதைத் தமிழில் சொல்லிமுடிக்க ஒரு மூச்சு போதும்.

1989இன் இரண்டாம் பதிப்பில் வேடிக்கை நேர்ந்தது. தாக்குதலுக்கு உருட்டிய அதே எண்ணை ஒரு மல்யுத்த அட்டவணையில் பார்க்கவேண்டும், எந்தப் பிடி விழுந்தது என்பதை அட்டவணை சொல்லும். இடுப்பைக் கட்டப் போனவன் முழங்கையால் இடித்துவிட்டதாகவோ காலை முறுக்கியதாகவோ அது அறிவிக்கும். ஆட்டக்காரரின் விருப்பத்தை விதி இவ்வளவு துணிச்சலாகப் புறக்கணித்த இடம் வேறில்லை.

2000இன் மூன்றாம் பதிப்பும் 2003இல் வந்த அதன் திருத்தமும் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தன. பிடிக்கப் போகிறவன்மேல் எதிரிக்கு முதலில் ஓர் இலவச அடி. அது பட்டுவிட்டால் முயற்சியே போயிற்று. பிறகு தொடுவதற்கு ஒரு வீச்சு, தொட்டபின் இருவரும் உருட்டும் பிடிப்போட்டி, வென்றால் எதிரியின் இடத்துக்குள் நகர்வு. நான்கு படிகள், ஒவ்வொன்றிலும் விலக்குகள். 2008இன் நான்காம் பதிப்பு இதைச் சுருக்கி, வலிமைக்கும் எதிரியின் விரைவுக்கும் ஒரே வீச்சு என்றாக்கியது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் இருவரும் உருட்டிப் பெரிய எண் வெல்லும். 2024இல் மறுபடி மாற்றம்: பிடிக்கிறவர் உருட்டுவதில்லை, பிடிபடுகிறவர்தான் வலிமையாலோ விரைவாலோ தப்ப உருட்டவேண்டும்.

இந்த வரிசையில் எளிமை கூடிக்கொண்டே வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. 1981இல் இது நடத்துநரின் நியாயத்தைப் பொறுத்தது. 2000இல் நூலின் பக்கத்தைப் பொறுத்தது. 2014இல் நூல் ஒரு வரி சொல்லிவிட்டு மீதியை நடத்துநரிடம் திருப்பித் தந்தது.

தாக்கோ

பழைய பதிப்புகளைக் கேலி செய்பவர்கள் முதலில் எடுப்பது தாக்கோ என்னும் எண்ணை. கவச எண் 0 உள்ள எதிரியை அடிக்கத் தேவையான வீச்சு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. தமிழ்க் காதில் ‘தாக்கு’ என்றே விழுவதால் எங்கள் மேசையில் எவரும் அதற்கு விளக்கம் கேட்டதில்லை! அன்று கவச எண் குறையக் குறையக் காவல் அதிகம். தாக்கோ 18, எதிரியின் கவசம் 4 என்றால் 18இலிருந்து 4 போக, 14 விழவேண்டும். மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டது: கவசம் 16, தாக்கும் கூட்டல் 2, ஆக 14 விழவேண்டும். வாய்ப்பு இரண்டிலும் 35 சதவீதம். மாறியது சொல்லும் முறை. கழித்தலுக்குப் பதில் கூட்டல், குறைந்தால் நல்லது என்பதற்குப் பதில் கூடினால் நல்லது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கும் அது உடனே பிடிபடுகிறது. மூன்றாம் பதிப்பின் மிகப் பெரிய நன்மை இதுவே என்பேன்.

ஐந்தாம் பதிப்பின் சாதனையும் இதே வகையைச் சேர்ந்தது. சாதகமான நிலை என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு, பாதகம் என்றால் சிறியதை எடு. 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது. மூன்றாம் பதிப்பில் உயரமான இடம், இருட்டு, மந்திர உதவி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டல்களை நினைவில் வைத்த இடத்தில் இந்த ஒரு வரி வந்து அமர்ந்தது. “ரெண்டு உருட்டுப்பா” என்று சொன்னால் போதும்.

தங்கமும் நேரமும்

1981இல் வீரர்கள் அனுபவம் பெற்றது பெரும்பாலும் கொண்டுவந்த செல்வத்தால்: ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. பூதத்தைக் கொன்றால் கிடைப்பது அற்பம். ஆகவே சண்டையைத் தவிர்த்து, ஏமாற்றி, பேரம் பேசித் தப்பிப்பதே புத்தி. இரண்டாம் பதிப்பு இதை விருப்பவிதியாகத் தள்ளிவைத்தது. மூன்றாம் பதிப்பு முதல் எதிரியை வெல்வதே முதன்மை வருவாயாயிற்று. ஆட்டம் சண்டையை நோக்கிச் சாய்ந்தது. சண்டை நீண்டது.

நான்காம் பதிப்பில் இது உச்சத்துக்குப் போனது. கட்டம் போட்ட பலகையில் பொம்மைகளை நகர்த்தி ஆடவேண்டும். எங்கள் மேசையில் ஒரு சண்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. 3 மணி நேரத்தில் இரண்டு சண்டை, இடையில் தேநீர், அவ்வளவுதான் கதை. மதியப் பணிக்காரர் பூதம் பாதி செத்த நிலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். இரண்டாம் பதிப்பு வேறொன்றும் செய்தது: 1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைப் பேய்வழிபாடு என்று சிலர் எதிர்த்ததால் பேய் என்பதற்கான ஆங்கிலப் பெயர்களை நீக்கி, வாயில் நுழையாத புதுப் பெயர்களைச் சூட்டியது. முனிக்கும் காட்டேரிக்கும் பூசை போடும் ஊரிலிருந்து பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

விதி யாருக்குக் காவல்?

இதுவரை படித்தவர், மெல்லிய நூலே நல்லது, கனத்த நூல் வேண்டாத சுமை என்று நான் சொல்வதாக நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1981 நூலை வைத்துச் சில மாதம் நடத்தினேன், மகிழ்ச்சியாகவே போயிற்று. ஒரு நாள் லேத் ஓட்டும் தம்பி ஒருவர் கட்டிப்பிடிக்கும் அதே காட்சியில் தோற்றார். முந்தின வாரம் மென்பொருள்காரர் ஒருவருக்கு நான் எளிய எண் சொல்லியிருந்தேன். இவருக்குக் கடின எண். காரணம் எனக்கே நினைவில்லை. அவர் கோபப்படாமல் கேட்டார்: “ஏண்ணா, புக்கு உங்க கையில இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். அப்போ நீங்க சொல்றதும் புக்கு சொல்றதும் எனக்கு ஒண்ணுதானே?”

தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1946இன் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும் தொழிலாளரில் பெரும்பான்மையோர் புரிந்துகொள்ளும் மொழியிலும் வாயிலருகே பலகையில் ஒட்டவேண்டும் என்றது. விடுப்பு, தாமதம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை மேற்பார்வையாளரின் மனநிலைக்கு விடப்படாமல் எழுத்தில் இருக்கவேண்டும், அந்த எழுத்து படிக்கக்கூடிய மொழியில் இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். பலகையைப் பெரும்பாலோர் நின்று படிப்பதில்லை. தகராறு வரும் நாளில் மட்டும் அது தேவைப்படும்.

இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால் பதிப்புகளின் தரவரிசை மாறிவிடுகிறது. 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் தாக்குதல் அட்டவணைகளே இல்லை. அவை அடுத்த ஆண்டு வந்த நடத்துநர் கையேட்டில் இருந்தன, அந்த நூலை ஆட்டக்காரர் வைத்திருப்பதைக் கைகாக்ஸ் பாதி விளையாட்டாகக் கண்டிக்கவும் செய்கிறார். நிலையாணையை மேலாளரின் மேசை இழுப்பறையில் பூட்டிவைப்பது போன்றது இது. மூன்றாம் பதிப்பு இழுப்பறையைத் திறந்தது. தாண்டுவதற்கு எவ்வளவு, பூட்டுத் திறக்க எவ்வளவு என்று ஆட்டக்காரரின் நூலிலேயே அச்சிட்டது. நடத்துநரின் கையைக் கட்டிவிட்டது என்று அதைக் குறைகூறுபவர்கள் அநேகமாக நடத்துநர்களே. ஆனால் விதிகள் பெருகிய அளவுக்கு ஆங்கிலமும் பெருகியது. பலகை வாயிலில் இருந்தும் படிக்க முடியாத மொழியில் இருந்தது.

எதிர்பாராதபடி, நான்காம் பதிப்பே எங்கள் லேத் தம்பிக்கு மிக நேர்மையாக நடந்துகொண்டது. அதில் ஒவ்வொரு வித்தையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கும். தலைப்பு பச்சை என்றால் எப்போதும் செய்யலாம், சிவப்பு என்றால் சண்டைக்கு ஒருமுறை, கருப்பு என்றால் நாளுக்கு ஒருமுறை. எத்தனை கட்டம் நகரலாம், எத்தனை பகடை உருட்டவேண்டும் எல்லாம் எண்ணில். அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தோம். அவர் எவரையும் கேட்காமல் ஆடினார், என் தவறை இரண்டுமுறை திருத்தவும் செய்தார். இப்பதிப்பைக் கணினி விளையாட்டு என்று பழித்தவர்கள் பலர். அவர்கள் பழித்த அந்த இயந்திரத் தன்மைதான் இங்கே ஒருவருக்கு மேசையில் சம உரிமை தந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் இல்லையென்றால் நாங்கள் அதிலேயே நின்றிருப்போம்.

இயல்பு மொழியின் கண்ணி

ஐந்தாம் பதிப்பு அட்டைக் கட்டங்களை விட்டு இயல்பான உரைநடைக்குத் திரும்பியது. படிக்க இனிமை. ஆனால் இனிய உரைநடைக்குள் சட்டச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. அதன் ஆங்கிலத்தில் ‘நெருக்கச் சண்டை ஆயுதத் தாக்குதல்’ வேறு, ‘நெருக்கச் சண்டை ஆயுதத்தால் தாக்குதல்’ வேறு. வெறுங்கைக் குத்து முதலாவதில் சேரும், இரண்டாவதில் சேராது. தமிழில் இவ்விரண்டுக்கும் இடையே ஓர் ‘ஆல்’ உருபுதான் வேறுபாடு. பேச்சில் அது கரைந்தே போகும். நான்காம் பதிப்பில் இப்படி ஒரு சந்தேகம் எழுந்தால் குறியைப் பார்த்தால் போதும். ஐந்தாம் பதிப்பில் ஆங்கில இலக்கணம் தெரிந்தவர் வெல்வார், அதாவது மறுபடி நடத்துநர். 2024 திருத்தம் சொற்களஞ்சியம் ஒன்றைப் பின்னிணைத்து இந்தச் சந்துகளில் பலவற்றை அடைத்திருக்கிறது. அழகு சற்றுக் குறைந்தாலும் மொழிபெயர்க்கத் தகுந்த நூலாக அது மாறியிருக்கிறது.

மொழிபெயர்க்க உரிமை உண்டா? உண்டு. இந்தப் பதிப்பு வரலாற்றின் இறுதித் திருப்பம் இதுதான். 2000இல் மூன்றாம் பதிப்போடு வந்த திறந்த உரிமம் பிறர் இவ்விதிகளின்மேல் நூல் எழுத வழிவிட்டது. நான்காம் பதிப்பில் அது இறுக்கப்பட்டது. பழைய உரிமத்தைக் கொண்டே 2009இல் பாத்ஃபைண்டர் என்னும் போட்டி ஆட்டம் எழுந்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தைத் திரும்பப்பெற நிறுவனம் முயன்றது வெளியே கசிந்து, ஆட்டக்காரர்களிடம் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதம் 27ஆம் தேதி, ஐந்தாம் பதிப்பின் விதித்தொகுப்பு சுமார் 400 பக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் அத்தொகுப்பு வந்துவிட்டது. 2024 விதிகளின் தொகுப்பும் 2025இல் அதே உரிமத்தில் வெளியானது.

எனவே என் தேர்வு, தயக்கத்தோடு, ஐந்தாம் பதிப்பின் விதித்தொகுப்பு. 1981 நூலே ஆட இனியது, நான்காம் பதிப்பே நியாயமானது. ஆனால் இன்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட சட்டப்படி நம் கையில் இருப்பது ஐந்தாம் பதிப்புத்தான். முழுவதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சண்டையில் ஒருவருக்கு நேரக்கூடிய நிலைகள் ஒரு பட்டியலாக அதில் உள்ளன: மயக்கம், குருடு, அச்சம், வீழ்ந்த நிலை என 15. தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அந்தப் பட்டியலில் தொடங்கினோம்.

பிடிக்கப்பட்டவனுக்கும் கட்டப்பட்டவனுக்கும் விதி வேறு. முன்னவன் நகர முடியாது, அவ்வளவே. பின்னவன் நகரவும் முடியாது, அவனை அடிப்பது எதிரிகளுக்குச் சாதகம், அவன் அடிப்பது பாதகம். முன்னதற்கு ‘பிடிபட்டவர்’ என்று நான் எழுதினேன். பிடிபட்டவர் என்றால் போலீஸிடம் மாட்டியவர் என்றார் லேத் தம்பி. ‘பிடியில் உள்ளவர்’, ‘கட்டுண்டவர்’ என்று முடிவாயிற்று. அவர் கையெழுத்திலேயே அட்டையில் எழுதி, அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். 15இல் இதுவரை 9 முடிந்திருக்கின்றன.